சின்னவளின் சத்தம்

பீங்கான் கிண்ணத்தின் விளிம்பில் மூங்கில் குச்சி படும் சத்தம். முதலில் ஒரு கிண்ணம். பிறகு அதற்குப் பக்கத்தில், தண்ணீர் கொஞ்சம் குறைவாக இருக்கும் இன்னொன்று. பிறகு எல்லாக் கிண்ணங்களும் ஓடிவந்து சேர்ந்துகொண்டதுபோல் ஒரு சிதறல்.

அடுக்களையில் மீன் கழுவிக்கொண்டிருந்த ஹெலன் ஈரக் கையோடு எழுந்தாள். அலமாரியைத் திறந்து பார்த்தாள். கல்யாணத்துக்கு அம்மா கொடுத்த டீக் கோப்பைகள் வைத்தது வைத்தபடி இருந்தன.

"ஏங்க! யாரோ என் கோப்பையத் தட்டுதாங்க!"

கூடத்தில் அவள் கணவர் சற்குணம் சிரித்த சிரிப்பு தெருவுக்கே கேட்டது. "ஏட்டி, இங்கன வந்து பாரு. ஒன் கோப்பையெல்லாம் பத்திரமா இருக்கு. இது ஜலதரங்கம். நம்ம புது செட்டு பாடுது."

அது நெடுங்காலத்துக்கு முன்னால், பாளையங்கோட்டையில் ஒரு வீட்டில். அந்த வீட்டில் அப்போது மனிதர்கள் இரண்டு பேர். பேசுகிறவர்கள் அதைவிட அதிகம்.

இசைத்தட்டு சுழலும் மேடை ஒன்று. நடுவில் ஆம்ப்ளிஃபயர். இரண்டு பக்கமும் இடுப்பு உயரத்துக்கு இரண்டு மரப்பெட்டிகள். ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் இரண்டு பேர் குடியிருந்தார்கள். கீழே, அகன்ற வாயோடு பெரியவர். மிருதங்கத்தின் கனமும் ஆண்களின் அடிக்குரலும் அவர் பொறுப்பு. மேலே, உள்ளங்கைக்குள் அடங்கிவிடுகிற சின்னவள். கடைக்காரர்கள் அவளை ட்வீட்டர் என்பார்கள். ஜால்ராவின் சிணுங்கல், வயலின் கம்பியின் நுனி, பாடுகிறவர்கள் மூச்சு வாங்கும் ஓசை எல்லாம் அவள் வழியாகத்தான் வெளியே வரும். இடது பெட்டியிலும் ஒரு சின்னவள் உண்டு. அவள் வலது பெட்டிக்காரி சொன்னதையே சொல்வாள் என்பதால் ஒருத்தியைப் பற்றிச் சொன்னால் போதும்.

ஆம்ப்ளிஃபயரை எல்லோரும் அண்ணாச்சி என்று கூப்பிட்டார்கள். பலசரக்குக் கடைக்காரர்போல நடுவில் உட்கார்ந்து, யாருக்கு எவ்வளவு என்று அளந்து கொடுப்பது அவர் வேலை. அவருடைய நெற்றியில் வரிசையாகக் குமிழ்கள். அவற்றில் ட்ரெபிள் குமிழ் சின்னவளுடைய பங்கைக் கூட்டும், குறைக்கும்.

முதல் நாளே ஒருத்தி தன் குரலைக் கோப்பையின் சத்தம் என்று நம்பி ஓடிவந்தாளே, அதில் சின்னவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

"பாத்தியளா, வந்தாளா!" என்றாள்.

"வந்தா, வந்தா. தலைக்கனம் ஏறாம இரு" என்றார் பெரியவர்.

அதன் பிறகு எத்தனையோ சாயங்காலங்கள். ஜன்னலில் கனத்த பச்சைத் திரைச்சீலை தொங்கும். தரையில் ஜமக்காளம் விரித்திருக்கும். பிறகு பிறந்த பிள்ளைகள் அதில் குப்புறப் படுத்து வீட்டுப்பாடம் எழுதுவார்கள். ஹெலன் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து முருங்கைக் கீரை உருவுவாள். சற்குணம் இசைத்தட்டின் மேல் ஊசியை இறக்கிவிட்டு வந்து பக்கத்தில் அமர்வார். சத்தம் எங்கே போய் விழுந்தாலும் ஒரு துணியோ ஒரு குழந்தையோ அதை வாங்கிக்கொள்ளும். எதுவும் யாரையும் குத்தியதில்லை. கீரையில் பாதி உருவாமலே இருக்கும். ஹெலன் கையைக் கீரையில் வைத்தபடி கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அந்த முகத்துக்காகத்தான் சின்னவள் பாடினாள். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. உப்பு ஹெலன் கை. குமிழ் சற்குணம் கை. யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்ததல்ல. அவர் ஒருநாளும் குழம்பில் உப்புச் சரி பார்த்ததில்லை. அவள் ஒருநாளும் குமிழைத் தொட்டதில்லை. அதை மரியாதை என்று இருவரும் நினைத்தார்கள்.

சற்குணம் டெலிபோன் லைன்களில் பழுது பார்த்தவர். மழைக்காலத்தில் கம்பத்தில் ஏறி, சோதனைப் போனைக் காதில் வைத்துக் கொஞ்சம் கேட்பார். "இது மழைத்தண்ணி இல்லப்பா, ஜாயிண்டுல களிம்பு" என்பார். போய்ப் பார்த்தால் களிம்பு இருக்கும். சற்குணம் சார் காது என்று கூட வேலை பார்த்தவர்கள் சொல்லுவார்கள்.

அவருக்கு வேலையில் ஒரு முறை உண்டு. எக்ஸ்சேஞ்சில் ஆரம்பிப்பார். ஒரு பகுதி சரி என்று தெரிந்த பிறகே அடுத்ததைத் தொடுவார். கம்பி, கம்பம், தெருமுனைப் பெட்டி, கடைசியில் வீட்டுக்குள் இருக்கும் போன். இரண்டை ஒரே நேரத்தில் தொட்டால் பழுது எங்கே இருந்தது என்று தெரியாமல் போகும் என்பார். சோதிக்கிறவனின் காது மட்டும் அந்த வரிசையில் இல்லை. அது சரியாக இருக்கிறது என்ற இடத்திலிருந்துதான் வேலையே ஆரம்பிக்கும்.

பிள்ளைகள் படித்து வெளியூர் போனார்கள். சற்குணம் ஓய்வு பெற்றார். ஒரு லீவுக்கு வந்த மகள் பியூலா வீட்டைப் புதுசாக்கிவிட்டுப் போனாள். பழைய சிவப்புத் தரை போய் வழவழவென்று டைல்ஸ் வந்தது. திரைச்சீலை தூசி அடைகிறது என்று பரணுக்கு ஏறியது. ஜமக்காளமும் அதன் கூடவே. கூடம் பெரிதாகவும் வெளிச்சமாகவும் ஆயிற்று. கூப்பிட்டால் கூப்பிட்டவர் குரலே திரும்பி வந்தது.

அதற்குப் பிறகு ஒரு சாயங்காலம், தட்டின் ஒரு பக்கம் முடிவதற்கு முன்பே ஹெலன் எழுந்து போனாள். மறுநாளும் போனாள்.

"எந்திச்சுப் போயிட்டா" என்றது பிரம்பு நாற்காலி. அவள் உட்கார்ந்திருந்த குழி இன்னும் நிமிரவில்லை. "நேத்தும் இப்படித்தான். நெத்தியப் பிடிச்சுக்கிட்டே போறா."

சற்குணம் அடுக்களை வாசலில் போய் நின்றார். "என்னட்டி, பாட்டு பிடிக்கலையா?"

"பாட்டு பிடிக்காமலா? மண்டை இடிக்குங்க. ஒவ்வொண்ணும் ஊசி மாதிரிக் குத்துது. பாடுதவ 'ஸ்'ஸுன்னாலே எனக்குப் பல்லு கூசுது."

"எனக்கு அப்படி ஒண்ணும் தெரியலயே."

"அப்ப எனக்குத்தான் வயசாயிட்டு. நீங்க கேளுங்க. எனக்கு இங்கன இருந்து கேட்டாப் போதும்."

அவர் திரும்பி வந்து உட்கார்ந்தார். பக்கத்து நாற்காலியைப் பார்த்தார். தட்டு முடிந்து ஊசி சும்மா உராய்ந்துகொண்டிருந்தது. எழுந்து எடுக்க அவருக்குத் தோன்றவில்லை.

"லைன்ல எங்கயோ பழுது" என்று தனக்குத்தானே சொன்னார். "கண்டுபிடிச்சு அவள இங்கன கொண்டாந்து உக்கார வைக்கலன்னா நான் என்னத்த வேலை பாத்தேன் இத்தன வருஷம்."

அவர் தூசு தட்டத் துணி எடுக்கப் போன நேரத்தில் கூடத்தில் பஞ்சாயத்து கூடிவிட்டது.

"வேற யாரு, இவதான்" என்றது டைல்ஸ். "நான் வந்த நாள்லருந்து பாக்கேன். என்ன கத்து கத்துதா!"

"நீ மட்டும் யோக்கியமா?" என்றாள் சின்னவள். "நான் ஒண்ணு சொன்னா அப்படியே எடுத்து மூஞ்சில எறியுத. அந்தச் சிவப்புத் தரை இருந்துச்சே, அது ஒருநாளும் இப்படிச் செய்யாது."

"என் மேல எது விழுந்தாலும் ஒட்டாது. அதுக்குத்தான் என்னக் கொண்டாந்தாங்க."

பெரியவர் தொண்டையைக் கனைத்தார். "சின்னவளே, கொஞ்சம் அடக்கி வாசி தாயி. ஒன்னால எல்லாருக்கும் கெட்ட பேரு."

"நானாவா கத்துதேன்? அண்ணாச்சி குடுக்கதத்தான நான் வெளிய சொல்லுதேன்."

அண்ணாச்சி ஏற்கெனவே சூடாக இருந்தார். "எம்மேல பழியப் போடாத பிள்ள. குமிழு கேக்குது, நான் அளக்கேன். கடையில உக்காந்திருக்கவன் கேட்டதக் குடுக்காம இருக்க முடியுமா?"

எல்லோரும் ட்ரெபிள் குமிழைப் பார்த்தார்கள். அது ஒரு காலத்தில் நடுவில், நேராக நிமிர்ந்து நின்றது. இப்போது வலது பக்கம் நன்றாகச் சாய்ந்திருந்தது.

"என்ன ஏன் பாக்கிய?" என்றது குமிழ். "நான் திரும்புத பக்கம் நான் ஆசப்பட்ட பக்கமா? என்னத் திருப்புத வெரலக் கேளுங்க."

விரல் சற்குணத்தின் விரல். அதை யாரும் கேட்கவில்லை. எல்லோரும் சின்னவளிடமே திரும்பிவிட்டார்கள். அவள்தான் சின்னவள்.

சற்குணம் தன் முறைப்படி ஆரம்பித்தார். முதலில் ஊசியைத் துடைத்தார். பிறகு கம்பிகளை மாற்றினார். பிறகு பெட்டிகளை நாற்காலியின் முகத்துக்கு நேராக இல்லாமல் கொஞ்சம் ஒதுக்கித் திருப்பி வைத்தார். ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள். ஒவ்வொரு நாளும் ஹெலனைக் கூப்பிடுவார். அவள் வந்து உட்காருவாள். கொஞ்ச நேரத்தில் நெற்றியைத் தேய்த்துக்கொள்வாள்.

பிறகு ஒருநாள் ஸ்டூல் போட்டுப் பரணில் கை வைத்தார்.

"விழுந்து தொலைக்காதிய!" என்று ஹெலன் ஓடிவந்து ஸ்டூலைப் பிடித்தாள்.

பச்சைத் திரைச்சீலை தும்மிக்கொண்டே இறங்கி வந்தது. "அடப்பாவிகளா, என்ன எங்க போட்டு வச்சிருந்திய! எலி என் ஓரத்தக் கடிச்சிருக்கு, பாருங்க." ஜமக்காளம் ஒன்றும் பேசாமல் டைல்ஸின் மேல் கால் நீட்டிப் படுத்தது. டைல்ஸின் பளபளப்பில் பாதி அதோடு மறைந்தது.

அன்று பாட்டு ஓடியபோது சின்னவள் தன் குரலைத் தானே கேட்டாள். சுவரில் மோதித் திரும்பி வரும் அடி இல்லை. சொன்ன சொல் போய் மெத்தென்று உட்கார்ந்தது. பழைய நாள் வந்துவிட்டது என்று நினைத்தாள்.

ஹெலனும் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்தாள். "இப்பத் தேவலங்க. கேக்க நல்லாருக்கு."

பிரம்பு நாற்காலி சந்தோஷத்தில் ஒருமுறை முனகியது.

ஆனால் சற்குணத்தின் புருவம் சுருங்கியது. "சத்தம் மங்கிப் போச்சே. கம்பளிக்குள்ள வச்சுப் பாடுன மாதிரி இருக்கு. திரையும் ஜமக்காளமும் குடிச்சிட்டுது போல. இதச் சரி பண்ணிட்டா முடிஞ்சுது." அவர் எழுந்து குமிழைக் கொஞ்சம் திருப்பினார். தலையைச் சாய்த்துக் கேட்டார். இன்னும் கொஞ்சம் திருப்பினார். "ஆங். இப்பச் சரி."

அந்தப் பாட்டு முடிவதற்குள் ஹெலன் எழுந்தாள். "அடுப்புல பால் இருக்கு" என்றாள்.

அடுப்பில் பால் இல்லை.

கதை அப்படியே போயிற்று. அவர் செய்தது எதுவும் தப்பில்லை. எல்லாமே கொஞ்சம் குணம் தந்தது. குணம் தெரிந்த உடனே அவருக்குச் சத்தம் மங்கியது. மங்கியதும் விரல் குமிழுக்குப் போயிற்று. பெட்டிகளுக்குப் பின்னால் இலவம்பஞ்சுத் தலையணை வைத்தார், குமிழ் திரும்பியது. வெறும் சுவரின் முன்னால் புத்தக அலமாரியை இழுத்துப் போட்டார், குமிழ் திரும்பியது. ஹெலனும் ஏதாவது சொல்லிக்கொண்டு எழுந்து போனாள். வாசலில் கீரைக்காரி என்றாள். துணி காயுது என்றாள். ஒருநாள் ஒன்றும் சொல்லாமலே போனாள். அன்று சற்குணம் பாட்டை நிறுத்திவிட்டார்.

"மிச்சம் இருக்கது அந்தச் சின்ன ஸ்பீக்கருதான்" என்றார். "வயசாயிருக்கும். கழட்டிப் போட்டுட்டுப் புதுசு மாட்டணும்." கடைக்குப் போன் செய்து சொல்லியும் விட்டார்.

பெரியவர் மெதுவாக, "ஏதோ ஒரு பேச்சுக்குச் சொல்லியிருப்பாரு" என்றார். அது பேச்சுக்குச் சொன்னது இல்லை என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

கழற்றுவதற்கு முன் கடைசியாக ஒருமுறை சோதித்துவிடலாம் என்று சற்குணம் ஒரு தட்டைப் போட்டார். வலது பெட்டியின் முன்னால் மண்டியிட்டு, வலது காதைச் சின்னவளின் முகத்தோடு ஒட்டி வைத்தார். இவ்வளவு பக்கத்தில் அவர் வந்ததே இல்லை.

சின்னவள் உயிரைக் கொடுத்துச் சொன்னாள். "ஐயா, நான் கத்தல! நீங்கதான் என்னக் கத்த வைக்கிய!"

"மெதுவாச் சொல்லு பிள்ள" என்றது காது. "வாசல்ல நிக்க எனக்கு நீ சொல்லுதது கேக்கு. உள்ள கொண்டு போகத்தான் ஆளு இல்ல."

சின்னவள் திகைத்துப் போனாள். "ஆளு இல்லையா?"

"இருந்தாங்க. எக்கச்சக்கமா இருந்தாங்க. ஆளுக்கொரு சுருதி. ஒன்ன மாதிரி மேல் சுருதிய வாங்குதவங்க எல்லாரும் வாசல ஒட்டி நின்னாங்க. வர்ற சத்தம் அத்தனையும் அவங்கள மிதிச்சுக்கிட்டுத்தான் உள்ள போகணும். அதனால அவங்கதான் மொதல்ல ஓஞ்சாங்க. ஒருத்தர் ஒருத்தரா, சொல்லிக்காமப் போனாங்க. பெரியவர் சொல்லுததக் கேக்கவங்க உள்ளுக்குள்ள தள்ளி இருக்காங்க. அவங்க நல்லாருக்காங்க. ஒன் பேச்சுத்தான் வாசல்லயே விழுந்து கெடக்கு."

"இத அவர்ட்ட சொல்லப்பிடாதா?"

"எப்படிச் சொல்ல? கண்ணு மங்குன உடனே அவரு கண்ணாடி போட்டுக்கிட்டாரு. பல்லு ஆடுன உடனே பிடுங்கிப் போட்டாரு. என்ன மட்டும் ஒருநாளும் சந்தேகப்பட்டதில்ல. ஊருக்கெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டாரு. நான் கேக்கலன்னா அது சத்தத்தோட குத்தம்னுதான் அவருக்குப் படும். அப்படி நம்புத மனுசன்ட்டப் போயி, நான் ஓஞ்சிட்டேன்னு நானே சொல்லணுமா?"

சற்குணம் காதை எடுத்தார். "பழுது இருக்க மாதிரியும் தெரியல. ஆனா மங்கித்தான் கெடக்கு." அவர் எழுந்து மாண்டலின் தட்டு ஒன்றைத் தேடி எடுத்தார். மாண்டலினில் கம்பியின் மேல் படும் ஒவ்வொரு தட்டலும் தனியாகத் தெரிய வேண்டும். ஸ்பீக்கரைச் சோதிக்க அதைவிட நல்லது இல்லை. ஊசியை இறக்கினார். குமிழைப் பிடித்து, அதற்கு மேல் திரும்ப இடமில்லாத மட்டும் திருப்பினார்.

"பெரியவரே" என்றாள் சின்னவள்.

"என்ன தாயி."

"நான் கத்துதது அவருக்குக் கேக்கல. அவளுக்கு வலிக்கு. கத்திக் கத்தி அவள அடுக்களையிலேயே உக்கார வச்சிட்டேன். நான் நின்னாத்தான் யாருக்காவது கேக்கும் போலிருக்கு."

"நின்னா ஒன்னக் கழட்டிருவாங்க."

"எப்படியும் கழட்டத்தான் போறாங்க. அவ அந்த நாற்காலியில உக்காந்து ஒரு பக்கம் முழுசாக் கேக்கத நான் பாத்து எவ்வளவு காலமாச்சு!"

பெரியவர் தன்னால் முடிந்த மட்டும் மெதுவாக அதிர்ந்தார்.

சின்னவளின் உயிர் தலைமுடியைவிட மெல்லிய ஒரு கம்பிச் சுருளில் இருந்தது. பலமான சத்தம் வரும்போதெல்லாம் அவள் பின்வாங்கி, கொஞ்சத்தை உள்ளேயே விழுங்கி, அந்தச் சுருளைக் காப்பாற்றிக்கொள்வாள். அன்று பின்வாங்கவில்லை. அண்ணாச்சி அளந்து கொடுத்ததை எல்லாம் அப்படியே வாங்கினாள்.

"போதும் பிள்ள, ஒதுங்கிக்கோ!" என்றார் அண்ணாச்சி. அவரால் கொடுப்பதை நிறுத்த முடியவில்லை.

"நான் ஒதுங்கல" என்றாள் சின்னவள்.

"நான் ஒதுங்கல" என்றாள் இடது பெட்டிக்காரியும்.

இரண்டாவது பாட்டின் நடுவில், மாண்டலின் மேலே மேலே ஏறிப் போன ஓர் இடத்தில், இரண்டு சுருள்களும் கருகின. முதலில் வலது. உடனே இடது.

மாண்டலின் தொடர்ந்து பாடியது. கம்பி இருந்தது, கம்பியைத் தொடும் நகம் இல்லை. உடம்பு இருந்தது, அதைச் சுற்றியிருந்த வெளிச்சம் இல்லை.

சற்குணம் தொடையில் விரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் எதுவும் மாறவில்லை.

அடுக்களையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த ஹெலன் கத்தியைக் கீழே வைத்தாள். தலையை உயர்த்தினாள். சேலை முந்தியில் கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். நாற்காலியின் பக்கத்தில் கொஞ்சம் நின்றாள். பிறகு உட்கார்ந்தாள். பிரம்பு நாற்காலி முனகக்கூடப் பயந்து அப்படியே இருந்தது. தட்டின் அந்தப் பக்கம் முழுதும் ஓடி முடிந்தது.

"கண்டுபிடிச்சிட்டியளா!" என்றாள் ஹெலன். அவள் முகமெல்லாம் சிரிப்பு.

"என்னத்த?"

"பழுதத்தான். இப்பக் குத்தவே இல்லயே. கொஞ்சம் போர்த்துனாப்ல இருக்கு, ஆனா தலைக்கு இதமா இருக்கு. என்ன செஞ்சிய?"

"நான் ஒண்ணும் செய்யலட்டி. குமிழத்தான் கூட்டி வச்சேன்."

"கூட்டுனியளா? கொறைக்கலையா?"

சற்குணம் எழுந்தார். ஊசியை மறுபடி தட்டின் ஆரம்பத்தில் வைத்தார். வலது பெட்டியின் முன்னால் குனிந்து, சின்னவள் இருந்த இடத்தில் காதை வைத்தார். இதற்கு முன் கேட்டதற்கும் இப்போது கேட்பதற்கும் அவருக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

"ஏட்டி, நீ இங்கன வந்து கேளு. மேல இருக்க சின்ன ஸ்பீக்கர்ல ஏதும் வருதா?"

ஹெலன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து காதைக் கொடுத்தாள். "இதுல ஒண்ணுமே வரலியேங்க. செத்துக் கெடக்கு." இடது பெட்டிக்கும் போய்க் கேட்டாள். "இதுவும்."

"எப்ப நின்னுச்சு?"

"இப்பத்தான். ரெண்டாவது பாட்டு ஓடயில டக்குன்னு நின்னுச்சு. அடுக்களையில இருந்தவளுக்கே தெரிஞ்சிது, அதான எந்திச்சு வந்தேன்." அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க இங்கனதான இருந்திய. உங்களுக்குத் தெரியலையா?"

ஊசி, கம்பி, பெட்டி, திரை, தரை, சுவர் என்று ஒவ்வொன்றாக அவர் பார்வை போயிற்று. எல்லாம் சோதித்தாயிற்று. பிறகு கையை உயர்த்தி, வேறு யாருடையதையோ தொடுவதுபோலத் தன் காதைத் தொட்டார்.

"லைன் முடியுத எடத்துல இருந்திருக்கு" என்றார். "நான்தான் பழுது."

ஹெலன் தரையில் உட்கார்ந்தபடியே ஜமக்காளத்தின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தாள்.

"குமிழக் கொறைங்கன்னு நான் ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்" என்றாள்.

"ஏன் சொல்லல?"

"அது உங்க கை. சற்குணம் சார் காதுன்னு ஊரே சொல்லும். அந்தக் காதுக்கு நான் போயி என்னத்தச் சொல்ல? எனக்குத்தான் கோளாறுன்னு இருந்துட்டேன்."

அவரும் மெதுவாகக் கீழே உட்கார்ந்தார். "நானும் ஒண்ணு சொல்லுதேன், கோவப்படாத" என்றார்.

"என்ன?"

"கொஞ்ச காலமாவே நீ கொழம்புல உப்ப அள்ளிப் போடுத."

"யாரு? நானா?"

"நீதான். வாயில வைக்க முடியல. மோர ஊத்தி ஊத்தி முழுங்குதேன்."

"எனக்குச் சப்புன்னுல்லா இருக்கு! அதான்..." பாதியில் நிறுத்தினாள். வாயில் விரலை வைத்தாள். "கர்த்தாவே. நாக்கு போயிட்டா?"

"போயிட்டு."

"ஏன் சொல்லல நீங்க?"

"அது ஒன் கை."

ஹெலன் அவரைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்த்தார். முதலில் யார் சிரித்தது என்று நாற்காலிக்கும் தெரியாது. ஹெலன் சிரித்துச் சிரித்து முந்தியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் மரியாதை குடுத்துக் குடுத்தே செத்திருப்போம்ங்க."

"நான் உப்புல செத்திருப்பேன்" என்றார் சற்குணம்.

புதிய சின்னவள்கள் வந்தார்கள். சற்குணம் அவர்களைப் பெட்டியில் மாட்டினார். பிறகு கையை எடுத்துப் பின்னால் கட்டிக்கொண்டு, "வா, வந்து திருப்பு" என்றார்.

ஹெலன் குமிழைச் சூடான பாத்திரத்தைத் தொடுவதுபோலத் தொட்டாள். "இது போதுமா?"

"என்னக் கேட்டா? ஒனக்குப் போதுமான்னு சொல்லு."

அவள் திருப்பிக்கொண்டே வந்தாள். குமிழ் நடுவில் நேராக நிமிர்ந்தபோது நிறுத்தினாள். "இங்கன நல்லாருக்கு."

"அப்ப அங்கனயே இருக்கட்டும்."

அன்று மத்தியானம் அடுக்களையில் அவள் கரண்டியிலிருந்து குழம்பை அவர் உள்ளங்கையில் ஊற்றினாள். அவர் நக்கிப் பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் தண்ணி ஊத்து" என்றார். அவள் முணுமுணுத்துக்கொண்டே ஊற்றினாள்.

சாயங்காலம் இரண்டு நாற்காலிகளிலும் ஆள் இருந்தது. பாட்டின் உச்சி சற்குணத்துக்குக் கேட்கவில்லை. இனி கேட்கப் போவதும் இல்லை. "இப்ப வருது பாருங்க" என்று ஹெலன் சொல்லும்போது அவர் பெட்டியைப் பார்க்காமல் அவள் முகத்தைப் பார்த்தார். கூரையை நோக்கி நிமிர்ந்திருந்த அந்த முகத்திலிருந்து மீதிப் பாட்டைத் தெரிந்துகொண்டார். காதுக்கு அன்றுதான் ஓய்வு கிடைத்தது.

"எனக்கு முன்னால இங்க இருந்தவ எப்படி?" என்று புதியவள் கேட்டாள்.

"கடைசி வரைக்கும் அவளா ஒருநாளும் கத்தல" என்றார் பெரியவர். "கத்த வச்சோம்."

கழற்றிய பழைய சின்னவள்கள் இருவரும் பழைய இரும்புக் கடைக்குப் போனார்கள். கடைக்காரர் அவர்களை உடைத்துக் காந்தத்தை மட்டும் எடுத்துக்கொண்டார். ஒரு காந்தத்தை இப்போது சமாதானபுரத்தில் ஒரு தையல் கடையில், தரையில் சிந்தும் குண்டூசிகளைப் பொறுக்க வைத்திருக்கிறார்கள். இன்னொன்று எங்கே போயிற்று என்று தெரியவில்லை.